முந்நூறு சுற்று

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஒரு பட்டியலை எழுதிப் போட்டார்கள். டிராஃப்டர் ஒன்று, கால்குலேட்டர் ஒன்று, கறுப்பு ஷூ ஒரு ஜோடி, பட்டறை வகுப்புக்குக் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் இரண்டு செட். இது 1991இல். டிராஃப்டரை மேல்வகுப்பு அண்ணன் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். கால்குலேட்டரை இரண்டாம் வருசம்தான் வாங்க முடிந்தது. காக்கித் துணிக்கு மட்டும் செலவே இல்லை. நைனாவுக்கு நகராட்சியில் சீருடைத் துணி கொடுப்பார்கள். இருக்கிற சட்டை கிழியட்டும் என்று அதைத் தைக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

டெய்லரிடமிருந்து வாங்கி வந்து சரியாக இருக்கிறதா என்று வீட்டில் போட்டுப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டது.

"அதைக் கழட்டுய்யா. அந்தச் சட்டை உன் மேல ஏறக் கூடாதுன்னுதான உன்னையப் படிக்க வச்சோம்."

காலேஜில எல்லாப் பிள்ளைகளும் இதைத்தாம்மா போடணும், அய்யர் வீட்டுப் பையனும் போடணும் என்று சொன்னேன்.

"அவன் போட்டாக் கழட்டிருவான்" என்றது அம்மா.

நாங்கள் அருந்ததியர். மதுரைக்குத் தெற்கே ஒரு நகராட்சியில் நைனா துப்புரவுப் பணியாளர். பாதாளச் சாக்கடை அடைப்பெடுக்கும் ஆட்களில் ஒருவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ். எங்கள் வகுப்பில் எஸ்.சி. பையன்கள் கணிசமாக இருந்தோம். ஆனால் எங்கள் சாதியில் நான் ஒருவன்தான். அப்போது பதினெட்டு சதவீதமும் ஒரே கூடையில் கிடந்தது. அதற்குள் மூன்று சதவீதம் அருந்ததியருக்கு என்று சட்டம் வந்தது 2009இல். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024இல். நான் படித்து முடித்து வேலை பார்த்து, தலையும் நரைத்துவிட்டது அதற்குள். அது வேறு கதை. இங்கே நான் எழுத நினைத்தது எந்திரங்களைப் பற்றி.

எந்திரம் என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பைத்தியம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் பசியை எழுதுகிறோம், அடிபட்டதை எழுதுகிறோம். பிடித்ததை எழுதுவது குறைவு. சேரிப் பையனுக்கு ஒரு பல்சக்கரத்தைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனக்கு ஊறியது. எங்கள் தெரு முனையில் மாமா ஒருத்தர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஃப்ரீவீலைக் கழற்றி அதற்குள் இருக்கிற சின்னஞ்சிறு குண்டுகளையும், ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறு பக்கம் வழுக்குகிற நாக்கையும் அவர் காட்டியபோது எனக்கு வயசு ஒன்பது. முன்னால் மிதித்தால் பிடிக்கிறது, பின்னால் மிதித்தால் விடுகிறது. இதை எவனோ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறானே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதல் வருசப் பட்டறை எனக்குத் திருவிழா. ஃபிட்டிங், தச்சு, கொல்லுப்பட்டறை, வார்ப்பு, வெல்டிங் என்று வாரம் ஒரு கொட்டகை. ஃபிட்டிங்கில் ஆறு மில்லிமீட்டர் தடி இரும்புத் தகட்டைக் கொடுப்பார்கள். ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, ஒரு துண்டு இன்னொரு துண்டுக்குள் வெளிச்சம் தெரியாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். அரம் பிடிப்பதில் ஒரு நிதானம் இருக்கிறது. தள்ளும்போதுதான் அழுத்தணும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். இரண்டு கைக்கும் பாரம் மாறிக்கொண்டே இருக்கணும், இல்லாவிட்டால் தகடு நடுவில் மேடு தட்டிவிடும். கொப்புளம் வந்து உடைந்து காய்ப்பு ஏறியது. பாதிப் பேர் பட்டறை உதவியாளருக்குக் காசு கொடுத்து வேலைத்துண்டை ராவி வாங்கினார்கள். அதில் ஒரு ரகசியமும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். கையில் கறை படாமல் மெக்கானிக்கல் என்ஜினியர் ஆகிவிடலாம் என்பதை அங்கேதான் கண்டேன். ஆயுத பூஜை அன்று அவர்களேதான் லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

என் துண்டை நானே ராவினேன். கெட்டிக்காரத்தனம் என்று சொல்லவில்லை. காசு இல்லை, ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் வருசம் காயலான் கடையில் ஒரு டி.வி.எஸ். 50 எஞ்சினை எடைக்கு வாங்கினேன். விடுதி வராந்தாவில் சாக்கை விரித்து அதன் மேல் பிரித்துப் போட்டேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போகிறபோது சிலிண்டர் சுவரில் இருக்கிற துளைகளைத் திறந்து மூடுகிறது. அவ்வளவு எளிமை. ஆனால் புகை போகும் துளையில் கரி அடைத்துக்கொண்டால் மூச்சு முட்டி எஞ்சின் செத்துப்போகும். அந்த எஞ்சினுக்கு அதுதான் ஆகியிருந்தது. கரியைச் சுரண்டி, ரிங் மாற்றி, பாயிண்ட் இடைவெளியைச் சரிபண்ணி, லிட்டருக்கு நாற்பது மில்லி எண்ணெய் கலந்து ஊற்றியதும் பிடித்துக்கொண்டது. ராத்திரி பதினோரு மணி. விடுதி முழுக்கப் புகை. வார்டன் வந்து ஐம்பது ரூபாய் அபராதம் போட்டார்.

அதை ஒரு சின்ன பம்போடு இணைத்துத் தொட்டித் தண்ணீரை ஏற்றினேன். முதல் தடவை இருபது நிமிசம் ஓடிச் சிக்கிக்கொண்டது. ஏன் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்தேன். வண்டியில் இருக்கும்போது ஓட்டத்தில் வருகிற காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. நிற்கிற எஞ்சினுக்குக் காற்று ஏது? எண்ணெய் டின்னை வெட்டி விசிறி செய்து ஃப்ளைவீலில் மாட்டி, தகடு வளைத்துக் காற்றைத் தலைக்குத் திருப்பினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் இன்றைக்கும் அந்த விசிறியைத்தான் சொல்வேன்.

கடைசி வருசம் புராஜெக்ட். நான்கு பேருக்கு ஒரு குழு. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ஆசிரியரிடம் என் எஞ்சினைக் காட்டினேன். இதை வைத்துக் கைவண்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகிற களையெடுக்கும் எந்திரம் செய்யலாம் சார் என்று படமும் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவர் படத்தைப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு அப்பா என்ன பண்றார் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீ எதுக்குப்பா களையெடுக்கிற மெஷின் பண்ற? ட்ரெய்னேஜ் க்ளீன் பண்றதுக்கு ஒரு மெஷின் பண்ணு. உங்க ஆளுங்களுக்கு உபயோகமா இருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் பொய் எழுதுகிறவன் ஆவேன். மனசார நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். இரும்பு வாங்க ஐந்நூறு ரூபாய் சொந்தப் பணம் கொடுத்தார். முந்தின வருசம்தான், 1993இல், உலர் கக்கூஸைத் தடை செய்து சட்டம் வந்திருந்தது. அவர் அதை எங்கோ படித்திருந்தார். ஆனால் பக்கத்துக் குழுவில் இருந்த பையனின் அப்பா வட்டிக்கடை வைத்திருந்தார். உங்க ஆளுங்களுக்கு உபயோகமா வட்டி எண்ணுகிற மெஷின் பண்ணு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் ஹைட்ராலிக் ஜாக் பண்ணினான். எனக்கு மட்டும் எந்திரத்துக்குள்ளேயும் ஒரு சாக்கடைக் குழி ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மார்க் பயம் ஒன்று. இன்னொன்று, சொன்னால் நைனா செய்கிற வேலையைக் கேவலமாக நினைக்கிறேன் என்று ஆகிவிடுமோ என்கிற பயம். நினைக்கத்தான் செய்தேன். நாலு வருசத்தில் ஒருநாள்கூட அவர் வேலை செய்கிற இடத்துக்கு நான் போனதில்லை. அந்தத் தெருப்பக்கம் அவர் நிற்பது தெரிந்தால் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பியிருக்கிறேன்.

குழுவிலிருந்து ஒருத்தன் அடுத்த நாளே வேறு குழுவுக்கு மாறிக்கொண்டான். மீதி மூன்று பேருக்கும் 'கக்கூஸ் மெஷின்' என்று பெயர் வந்தது. கான்டீனில், மைதானத்தில், படம் பார்க்கப் போன தியேட்டரில்கூட.

செய்வதென்று ஆன பிறகு வெறியோடு செய்தேன். முக்காலி ஒன்று, உச்சியில் கப்பி. கீழே கயிறு சுற்றுகிற உருளை. கயிற்று முனையில் இரண்டு தாடை உள்ள இரும்பு வாளி. இறங்கும்போது வாய் திறந்திருக்கும், தரையைத் தட்டியதும் கொக்கி விடுபடும், கயிற்றை இழுத்தால் தாடை மூடிச் சகதியைக் கவ்வும். உருளையைச் சுற்ற நெசவாலைக் கழிவில் ஒரு வார்ம் கியர் பெட்டி கிடைத்தது. கைப்பிடி முப்பது சுற்று சுற்றினால் உருளை ஒரு சுற்று. வார்மின் அழகு என்னவென்றால், அதன் திருகுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாக இருந்தால் பாரம் அதைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. கையை விட்டாலும் வாளி அந்தரத்தில் அப்படியே நிற்கும். கீழே நிற்கிறவன் தலையில் விழாது. வாளியும் சகதியுமாக அறுபது கிலோ என்று கணக்கு. கைப்பிடியில் ஒன்றரைக் கிலோ விசைகூட வேண்டாம், ஒரு சின்னப் பிள்ளை சுற்றலாம் என்று அறிக்கையில் எழுதினேன். கீழே நிற்கிறவன் தலையில் விழாது என்று எழுதியபோது, யாரும் கீழே நிற்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்த எந்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

சோதனைக்குச் சிமெண்டுத் தொட்டியில் களிமண்ணும் தண்ணீரும் கலந்து வைத்தோம். வாளி அள்ளிக்கொண்டு வந்தது. வைவாவுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். வாளிக்கு முந்தின நாள்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம். பெயின்ட் வாசனையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. சாக்கடையை அது பார்த்ததே இல்லை. "சீவேஜ் க்ளீனிங் மெஷின் சார்" என்று நான் ஆரம்பித்ததும் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. கேள்விகளைத் துணிக்குள்ளிருந்தே கேட்டார். நல்ல மார்க் போட்டார்.

1995 மே மாதம். பரீட்சை முடிந்திருந்தது. எந்திரத்தைக் கல்லூரியில் போட்டால் துருப்பிடித்துப் போகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நைனா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாளியின் தாடையைத் திறந்து மூடிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது பெருமையா வேறெதுவுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "ஞாயித்துக்கிழமை ஒரு அடைப்பு இருக்கு. கொண்டாந்து பாப்பம்" என்றார்.

கல்யாண மண்டபம் ஒன்றின் பின்பக்கச் சந்து. நைனாவும் கூட்டாளிகள் இரண்டு பேரும். மூன்று சக்கர வண்டியில் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனோம். போனதும் எந்திரத்தை இறக்க விடவில்லை. அடைபட்ட குழியின் மூடியோடு மேலே ஒன்று கீழே ஒன்று என்று மூன்று மூடிகளையும் கடப்பாரையால் நெம்பித் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். குழியிலிருந்து தள்ளித்தான். ஒரு மணி நேரம். என்ன நைனா என்றேன். காத்து வெளியேறட்டும் என்றார். அப்புறம் குனிந்து சுவரைப் பார்த்தார். கரப்பான் ஓடுதா என்று பார்க்கிறார். ஓடினால் மூச்சு இருக்கிறது.

"அடியில நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லய்யா. அடிச்சிக்கிட்டே இருந்தது பட்டுனு நின்னுச்சுன்னா ஏறிரணும். கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

நான் நாலு வருசம் வாயுக்களைப் படித்தவன். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், அது எனக்குத் தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனாலே அது மூக்கின் நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுபோனது போலிருக்கும், அதற்கு மேலே சில நூறுகளில் ஆள் மயங்கி விழுவான் என்பதைப் பிறகு புத்தகம் தேடிப் படித்தேன். நைனா சொன்னது அதேதான். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் உயிரோடு இல்லை.

முக்காலியை நிறுத்தினோம். பத்தடி ஆழம். நைனா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார். வாளி அங்குலம் அங்குலமாக இறங்கியது.

"என்னய்யா இது, போகவே மாட்டேங்குது?"

மனக்கணக்குப் போட்டேன். உருளை நூறு மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஓரடி கயிறு. பத்தடிக்கு உருளை பத்துச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பிடிக்கு ஏறத்தாழ இருநூற்றுத் தொண்ணூறு. இதை நான் அறிக்கையில் கணக்குப் பண்ணவே இல்லை. விசையைக் கணக்குப் பண்ணினேன், நேரத்தைப் பண்ணவில்லை. தேர்வாளரும் கேட்கவில்லை. தொட்டி மூன்றடிதானே.

"முந்நூறு சுத்து நைனா."

"எறக்குறதுக்கா?"

"ஏத்துறதுக்கும்."

கூட்டாளி ஒருத்தர் சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. மாறி மாறிச் சுற்றினார்கள். வாளி அடியைத் தட்டி, கொக்கி விழுந்து, மூடி, மேலே வந்தபோது அதில் கறுப்புத் தண்ணீரும் ஒரு கை மணலும் இருந்தது. அடிச்சகதி சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்திருக்கிறது. தாடை மேலே சுரண்டிவிட்டு வந்துவிட்டது. என் தொட்டியில் இருந்தது முந்தின நாள் குழைத்த களிமண். இரண்டாவது தடவை தாடைக்கு நடுவில் ஒரு சேலைத் துண்டு சிக்கி, மூடாமல், ஏறுகிற வழியெல்லாம் ஒழுகிக் காலியாக வந்தது.

"அடைப்பு குழியில இல்லய்யா. கொழாயில இருக்கு. இந்தக் குழிக்கும் அந்தக் குழிக்கும் நடுவுல. உன் பக்கெட்டு நேராத்தான எறங்கும்? பக்கவாட்டுல எப்பிடிப் போகும்?"

இதைச் சொல்வதற்கு அவருக்கு அரை நிமிசம் ஆனது. எட்டு மாதம் முன்னால் நான் கேட்டிருந்தால் அப்போதும் அரை நிமிசம்தான் ஆகியிருக்கும். மண்டபத்துச் சாக்கடையில் வாழையிலை, தேங்காய் நார், மயிர், துணி, கட்டடம் கட்டுகிறவன் தள்ளிவிட்ட செங்கல் துண்டு என்று என்னென்ன வரும், எது எங்கே தங்கும், எந்த மாதம் எந்தத் தெரு அடைக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். நூலகத்தில் நான் புத்தகம் தேடினேன். ஒரே வீட்டில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஆளை நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று.

மூன்றாவது தடவை வாளி ஏறவில்லை. சுவரில் பதித்திருந்த ஏணிக்கம்பி ஒன்று உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் தாடை மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தோம். முக்காலிதான் சாய்ந்தது. கயிறை அறுத்து விட்டுடலாம் நைனா என்றேன். "புது இரும்புய்யா" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். காக்கிச் சட்டை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பிறகு தலைமயிர் மட்டும் தெரிந்தது. கூட்டாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். என்னப்பா, என்னப்பா என்று. நைனா ஒவ்வொரு தடவையும் ம் என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வைத்திருந்த கருவி. ஆள் இறங்கக் கூடாது என்பதற்காக நான் செய்த எந்திரத்தை எடுக்க என் நைனா இறங்கினார். இரண்டு நிமிசம் இருக்கும். அந்த 'ம்'களை நான் எண்ணினேன். பதினேழு.

ஏறி வந்ததும் கண் சிவந்திருந்தது. மண்டபத்துச் சமையல்காரம்மா ஒருத்தர் தள்ளி நின்று வாளியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு மூன்று பேரும் வண்டியிலிருந்து பிளந்த மூங்கில் பத்தைகளை எடுத்து ஒன்றோடொன்று கட்டி, மேல்குழியிலிருந்து குழாய்க்குள் குத்திக் குத்தித் தள்ளி, ஒன்றரை மணி நேரத்தில் அடைப்பை எடுத்தார்கள். நான் சட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நிறைய எந்திரம் வந்துவிட்டது. வரவில்லை என்று சொல்ல முடியாது. உண்மையில் எனக்கு முன்னாலேயே இருந்தது. இரண்டு குழிக்கு இரண்டு வின்ச் வைத்துக் குழாய்க்குள்ளேயே வாளியை இழுக்கிற எந்திரம் இருந்தது, பீய்ச்சி அடிக்கிற லாரி இருந்தது, உறிஞ்சுகிற லாரி இருந்தது. 2018இல் கேரளத்து என்ஜினியர் பையன்கள் மேன்ஹோலுக்குள் இறங்குகிற ரோபோ செய்தார்கள். நான் அதன் கை மடங்குகிற விதத்தைப் பார்த்து அரைமணி நேரம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பழைய பைத்தியம் போகவில்லை. ஆனால் லாரி நுழையாத சந்து இருக்கிறது. லாரிக்கு டீசல் வேணும், டிரைவர் வேணும், ரிப்பேர் ஆனால் டெண்டர் வேணும். நைனாவுக்கு ஒரு குவார்ட்டரும் நாற்பது ரூபாயும் போதும் என்று வைத்திருந்தார்கள். இந்தக் கணக்கில் எந்த வார்ம் கியரும் ஜெயிக்காது. எந்திரத்தின் விலையைக் குறைக்கிற என்ஜினியரைத் தேடுகிறார்கள். மனுசனின் விலையை ஏற்றினால் எந்திரம் தானாக வரும்.

1998இல் நைனாவின் அந்தக் கூட்டாளி, கயிறு பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தவர், எனக்குச் சித்தப்பா முறை, தனியார் குடியிருப்பு ஒன்றின் செப்டிக் டேங்கில் இறங்கி இறந்துபோனார். அன்றைக்கு நைனாவுக்குக் காய்ச்சல், கூடப் போகவில்லை. மேலே நின்றவன் புதுப் பையன், பேச்சுக் கொடுக்கத் தெரியாதவன். மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். 1993 சட்டத்தில் கக்கூஸ் உண்டு, குழிக்குள் இறங்கிச் சாவதைப் பற்றி ஒன்றும் கிடையாது. அதைச் சேர்த்துப் புதுச் சட்டம் வந்தது 2013இல். 1993க்குப் பிறகு இப்படிச் செத்த எல்லாருடைய குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. சித்தப்பா மகன் 2014இல் மனு எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். மாரடைப்பு என்கிற அந்த ஒரு வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. உன் காலேஜ் படிப்பை வச்சு அது மாரடைப்பு இல்லைன்னு எழுதிக் குடுண்ணே என்றான். எழுதிக் கொடுத்தேன். வாயு, கனம், மூக்கு நரம்பு எல்லாம் எழுதினேன். கேட்கிற இடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

நான் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருசம் வேலை பார்த்தேன். கம்ப்ரசர், கன்வேயர், கியர் பெட்டி. புது எந்திரம் வந்தால் முதலில் ஆபரேட்டரைத்தான் கேட்பேன். என்ஜினியருக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று அதிகாரிகள் கேட்டதுண்டு.

அந்த முக்காலி இன்னும் இருக்கிறது. சைக்கிள் கடை மாமாவின் மகன் பைபாஸ் பக்கம் கார் மெக்கானிக் ஷெட் போட்டான். எஞ்சின் தூக்கச் செயின் பிளாக் வாங்கக் காசில்லை என்றான். நைனாதான், "உங்க மச்சான் பண்ணுனது ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தார். வாளியை அறுத்துவிட்டுக் கொக்கி மாட்டினான். காரிலிருந்து எஞ்சின் வெளியே வர மூன்றடி தூக்கினால் போதும். மெதுவாகத்தான் தூக்க வேண்டும், அவசரப்பட்டால் எங்காவது இடிக்கும். பாதியில் நிறுத்தி ஒயரைக் கழற்ற வேண்டும், பைப்பைக் கழற்ற வேண்டும். அப்போது அது அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

ரிட்டயர் ஆன பிறகு நைனா அந்த ஷெட்டில்தான் போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் போனபோது ஒரு அம்பாசடர் எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. கைப்பிடி நைனா கையில். எண்ணிக்கொண்டே சுற்றுகிறார், தெலுங்கில். எண்பத்தேழு வந்ததும் நிறுத்தினார். கீழே இருந்து மச்சான், "மாமா, பிடிச்சுக்கங்க, கைய விட்றாதீங்க" என்று கத்தினான்.

நைனா இரண்டு கையையும் எடுத்துவிட்டு, வேட்டியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"விட்டாலும் நிக்கும்டா" என்றார்.